பேர் வெட்டின மூக்குப்பேணி

அம்மம்மா விட்டுப்போன சாமான்களில் என் பங்குக்கு வந்தது ஒரு மூக்குப்பேணி. வெண்கலம், நல்ல பாரம். பழப்புளி போட்டு மினுக்கினால் இன்றைக்கும் முகம் பார்க்கலாம். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, மூக்கு தொடங்கும் இடத்துக்கு இடப்பக்கமாக, சின்னதாக ஒரு சிலுவை. அதையடுத்து "சூ. ம." என்று வெட்டியிருக்கிறது. நாங்கள் பரம்பரையாகச் சைவக்காரர். சிலுவை போட எங்கள் வீட்டில் ஆளில்லை. "சூ" என்று தொடங்கும் பேரும் எங்கள் வழியில் ஒருவருக்கும் கிடையாது.

கண் மூடுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பே அம்மம்மா றங்குப்பெட்டியைத் திறந்துவைத்து, எது எவருக்கு என்று பிரித்துச் சொல்லிவிட்டார். குத்துவிளக்கு அம்மாவுக்கு. தாம்பாளம் சின்னம்மாவுக்கு. பேணியை எடுத்து என் கையில் தந்து, "இது எங்கட இல்லைப் பிள்ளை. வளவுக்க கிடந்தது. ஆக்கள் வந்தா குடு, வராட்டி நீ தேடு" என்றார். முதுசமாகக் காணி கிடைக்கும், நகை கிடைக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு தேடல். அதை இன்னும் விடவில்லை.

எங்கள் வளவு விசுவமடுவில். 2009 ஜனவரியில் அதை விட்டு ஓடினவர்கள், மெனிக்பாம் முகாமெல்லாம் கிடந்து, மீள்குடியேற்றத்தில் திரும்பி வந்தபோது வீட்டில் மிஞ்சியிருந்தது அத்திவாரமும் கிணறும்தான். பற்றையை வெட்டி, கிணறு இறைத்து, வாழை வைக்கப் பாத்தி கொத்தும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டது. பயம்தான் முதலில் வந்தது. அந்த நாளில் வன்னியில் மண்வெட்டியில் இரும்பு தட்டினால் எல்லாரும் பத்தடி பின்னுக்குப் போய்த்தான் பிறகு பார்ப்பார்கள். உரச்சாக்கில் சுற்றிக் கட்டித் தாட்ட மூட்டை அது. உள்ளே நசுங்கிப்போன கேத்தில் ஒன்று, துருப்பிடித்துச் சல்லடையான இரண்டு கோப்பை, இந்தப் பேணி. பேணி மட்டும் பச்சைக் களிம்பு பிடித்து, முழுசாக இருந்தது.

வன்னியில் இது அதிசயமான கதையே இல்லை. திரும்பி வந்த அநேகம் பேரின் வளவில் அடுத்தவரின் சாமான் இருந்தது. அவர்களுடைய சாமான் வேறெங்கோ ஒரு வளவில். இரண்டுக்கும் நடுவில் பழைய இரும்பு, பித்தளை எடுக்கிறவர்களின் லொறிகளும் போய்வந்தன. கிடாரம், குடம், செம்பு என்று எத்தனை வீட்டுப் பேர் அப்படி நிறுவையில் போய் உருகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரியும்.

பாத்திரத்தில் ஏன் பேர் வெட்டினார்கள் என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு கலியாண வீடோ செத்த வீடோ என்றால் ஊர்ப் பாத்திரமெல்லாம் அங்கேதான் நிற்கும். கிடாரம் ஒரு வீட்டில் இரவல், அண்டா இன்னொரு வீட்டில், பேணியும் செம்பும் நாலு வீட்டில். எல்லாம் முடிந்து கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்த பிறகு எது எவருடையது என்று பிரிக்க வேண்டும். அதற்குத்தான் எழுத்து. தகப்பன் பேரின் முதலெழுத்து, பிறகு தன்னுடைய எழுத்து. சீதனமாகக் குடுத்த பாத்திரம் என்றால் பெண்ணின் எழுத்து. தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் கொண்டுவந்தபோதே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்துத்தான் பதிந்தார்கள். பெண்ணோடு வந்த சீதனம் பெண்ணுக்குரியது. பாத்திரத்தில் வெட்டின அவளுடைய எழுத்து அந்த உரிமைக்கு ஒரு சின்ன உறுதி மாதிரி.

வெட்டுகிற வேலையை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். பாத்திரத்தை மணல் நிரப்பின சாக்கில் சரித்துவைப்பார்கள். கையில் விரல் நீளத்துக்குக் கூர் உளி, சின்னச் சுத்தியல். கோடாக இழுக்கிறதில்லை. புள்ளி, புள்ளி, புள்ளி. ஒவ்வொரு தட்டுக்கும் உளி மயிரிழை நகரும். தூரத்தில் இருந்து பார்த்தால் கோடு, விரலால் தடவினால் மணிமணியாகப் புள்ளி. என் பேணியிலும் அப்படித்தான். "சூ" வின் சுழிப்பில் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருக்கின்றன. "ம" வில் கைக்கு அவசரம் வந்திருக்கிறது, இடைவெளி கூட. சிலுவையை மட்டும் இரண்டு தரம் தட்டியிருக்கிறார், ஆழமாக இருக்கிறது. வெட்டினவர் வேதக்காரராக இருக்கலாம், இல்லையென்றால் வெட்டுவித்த அம்மா பக்கத்தில் நின்று "அதை வடிவா வெட்டுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். இது என்னுடைய கற்பனைதான். ஆனால் அந்தச் சிலுவையைத் தடவும்போதெல்லாம் அப்படி ஒரு அம்மா நிற்கிறார்.

மூக்குப்பேணி பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போகக்கூடாது. அண்ணாந்து, வாயில் படாமல், மூக்கால் ஊற்றிக் குடிக்கிற பேணி இது. சுத்தத்துக்கு என்று சொல்வார்கள். அதே வீடுகளில் சாதி பார்த்துச் சிலருக்குப் பேணி தராமல் சிரட்டையில் தண்ணி வார்த்ததும் உண்மை. 1960களில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அதற்கென்று ஆட்கள் அடிபட்டார்கள், செத்தார்கள். பழைய பித்தளையைப் பார்த்து ஏங்கி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வீட்டில் தன் பேர் வெட்டின பேணி இருந்தது என்றால், அந்த வீடு எதையோ சேர்த்து, எங்கேயோ காலூன்றி நின்ற வீடு என்று அர்த்தம்.

சரி, "சூ. ம." யார்?

முதலில் எழுத்தை வாசித்தேன். சிலுவையோடு "சூ" என்றால் சூசை. சூசைப்பிள்ளை, சூசையப்பு, சூசைதாசன். மன்னார்க் கரையில் இருந்து முல்லைத்தீவுக் கரை வரைக்கும் கத்தோலிக்க வீடுகளில் ஒரு தலைமுறைக்கு ஒரு சூசையாவது இருப்பார். "ம" என்றால் மரியாம்பிள்ளை, மனுவேல், மரியான். பெண்ணென்றால் மரியம்மா, மதலேனாள். கலியாணத்துக்கு முன் வெட்டியிருந்தால் சூசை தகப்பன், பின் வெட்டியிருந்தால் சூசை புருஷன். இரண்டு எழுத்தும் ஒரு சிலுவையும் இவ்வளவு தூரம் கொண்டுபோகும். இதற்கு மேல் அது பேசாது. மிச்சத்தைச் சனம்தான் பேச வேண்டும்.

பிறகு பாதையை வாசித்தேன். பேணி எங்கள் வளவுக்குத் தானாக வரவில்லை. 2008 மே மாதம் அடம்பன் விழுந்தது, ஜூலையில் விடத்தல்தீவு. மன்னாரின் பெருநிலப்பரப்புச் சனம் வடக்காக வெள்ளாங்குளம், முழங்காவில் என்று நகர்ந்து, அங்கிருந்து ஜெயபுரம், அக்கராயன் என்று கிழக்கே தள்ளுப்பட்டு, கிளிநொச்சியையும் தாண்டி, பரந்தன் முல்லைத்தீவு வீதியில் தருமபுரம், விசுவமடு என்று வந்து சேர்ந்தது. மடுமாதாவின் திருச்சொரூபமே அந்த ஏப்ரலில் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது என்றால் சனத்தின் பாட்டைச் சொல்லவும் வேண்டுமா? செப்டெம்பரில் ஐ.நா. ஆட்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டார்கள். போகாதேங்கோ என்று சனம் அவர்களுடைய வாசலில் நின்று கும்பிட்டது. நவம்பரில் நிஷாப் புயலின் மழை. எங்கள் வளவு முழுக்க வெள்ளம். அந்த வெள்ளத்துக்குள் மாமரத்தடியில் ஒரு குடும்பமும் கிணற்றுக்குப் பின்னால் ஒரு குடும்பமும் தறப்பாள் கட்டி இருந்தார்கள். மன்னார்ப் பக்கத்து ஆக்கள். அம்மம்மாவை ஆச்சி என்று கூப்பிட்டார்கள். ஒரே கிணற்றில் அள்ளி, ஒரே அடுப்பில் மாறி மாறிச் சமைத்திருக்கிறார்கள்.

"பேர் கேட்டனீங்களே அம்மம்மா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"அந்தப் பிள்ளையை நான் மகள் எண்டுதான் கூப்பிட்டனான். அது என்னை ஆச்சி எண்டுது. அதுக்கு மேல என்ன பேர்?"

ஜனவரியில் ஷெல் வீட்டுக்குக் கிட்ட வரத் தொடங்க, எல்லாரும் ஒரே இரவில் வெளிக்கிட்டார்கள். சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். அந்த வழியில் எவர் எங்கே நின்றார், எவர் எங்கே விழுந்தார் என்று எவருக்கும் தெரியாது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கு வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவு சொன்ன சனம் 429,059. கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாக அரசாங்கம் பதிந்த சனம் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஆண்டகை 2021 இல் காலமானார். கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. "சூ. ம." எந்தத் தொகைக்குள் என்று நினைக்காமல் அந்தப் பேணியில் தண்ணி குடிக்க எனக்கு மனம் வராது. அதனால் குடிப்பதில்லை.

மடுவுக்கு ஆவணித் திருவிழாவுக்குப் போனேன். ஓகஸ்ட் 15 ஐ ஒட்டி அந்தக் காட்டுக்குள் சனம் கூடாரம் அடித்து நாள்கணக்கில் தங்கும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம், சிலாபம், நீர்கொழும்பு என்று எல்லாக் கரையும் அங்கே வரும். பேணியைக் கொண்டுபோகவில்லை, படம்தான் காட்டினேன். இளம் ஆக்கள் எழுத்தைப் பார்த்தார்கள். வயதான ஒரு அம்மா எழுத்தைப் பார்க்கவே இல்லை, மூக்கின் வளைவைப் பார்த்தார். "இது எங்கட பக்கத்து வேலை இல்லை மகள். யாழ்ப்பாணத்துக் கன்னார் வேலை. வேண்டிக்கொண்டு வந்தோ, பெம்பிளையோட வந்தோ இருக்கும்" என்றார். கன்னாதிட்டியில் பித்தளையும் தங்கமும் தட்டின பட்டறைகளைப் பற்றி அவருக்கு அந்தக் காட்டுக்குள் இருந்துகொண்டே தெரிந்திருந்தது. பெண்ணோடு வந்த சாமான் என்ற என் எண்ணம் அதற்குப் பிறகுதான் பலப்பட்டது.

வேதக்காரரைத் தேடுவதில் ஒரு வசதி உண்டு. ஞானஸ்நானம், மெய்விவாகம், மரணம் எல்லாம் பங்குப் புத்தகத்தில் பதியப்படும். ஒரு பங்குத்தந்தை பொறுமையாகப் பழைய ஏடுகளைத் திறந்துவைத்தார். பக்கத்துக்குப் பக்கம் சூசை. அவரே சிரித்துவிட்டு, "விசுவமடுவில இருந்த குடும்பம் எண்டு விசாரிப்பம். அதுதான் சுருக்கு வழி" என்றார். சைவக்காரருக்கு இன்னொரு வழி இருக்கிறது, இப்போது வேதக்காரரும் செய்கிறார்கள். ஆள் செத்து முப்பத்தோராம் நாளில் வெளியிடும் நினைவு மலர். கல்வெட்டு என்று ஊரில் சொல்வது. அதில் பாட்டும் தேவாரமும் மட்டுமா? பாட்டன், பூட்டன், எந்த ஊர், எந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தது, பிள்ளைகள் எந்த நாட்டில் என்று வம்சமே இருக்கும். நூலகம் நிறுவனம் 2005 இல் தொடங்கி இணையத்தில் ஏற்றிவரும் ஈழத்து ஆவணங்களுக்குள் இந்த நினைவு மலர்களும் இருக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம், செத்தவருக்கு அடித்த சின்னப் புத்தகத்தையும் எறியாமல் சேர்க்கிறது. இரவில் அதற்குள் இறங்கினால் விடியும்வரை வெளியே வர மனம் வராது.

இந்தப் பேணியைத் தேடித் திரிந்தபோதுதான் தங்கத்தின் கதை திரும்ப வந்தது. 2025 மே மாதத் தொடக்கத்தில், போரின் கடைசிக் கட்டத்தில் வன்னியில் மீட்டு இராணுவத்தின் பொறுப்பில் வைத்திருந்த தங்க, வெள்ளி நகைகள் கொழும்பில் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டன. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை பரிசோதித்து நிறுக்கும், பிறகு மத்திய வங்கியில் வைக்கப்படும் என்று சொன்னார்கள். அதற்கு முன், 2014 இல், மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியாக இருந்தபோது ஒரு பகுதி நகைகள் வடக்கைச் சேர்ந்த உரியவர்கள் சிலருக்குத் திருப்பிக் குடுக்கப்பட்டன. நடுவில் இத்தனை வருடம்.

அந்த நகையில் பெரும் பங்கு எங்கிருந்து வந்தது என்று வன்னியில் எல்லாருக்கும் தெரியும். விடுதலைப் புலிகளின் தமிழீழ வைப்பகம் 1994 இல் தொடங்கியது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னிதான் அதற்கு நிலம். விதைப்புக்குக் காசில்லை என்றால், பிள்ளைக்கு வருத்தம் என்றால், சங்கிலியையோ காப்பையோ கொண்டுபோய் அடைவு வைப்பார்கள். துண்டு தருவார்கள். வெள்ளாண்மை வெட்டினதும் மீட்பார்கள். 2008 இல் அடைவு வைத்தவர் எவரும் 2009 போகத்தில் நெல் வெட்டவில்லை. நகை அங்கேயே நின்றுவிட்டது. துண்டு பங்கரில், வள்ளத்தில், வட்டுவாகல் தண்ணிக்குள் போய்விட்டது. அதற்கும் முன்னால் 1990ஐ ஒட்டி மண்மீட்பு நிதிக்கென்று புலிகள் வீட்டுக்கு இரண்டு பவுண் கேட்டு வாங்கினார்கள். விரும்பிக் குடுத்தவர்களும் உண்டு, வழியில்லாமல் குடுத்தவர்களும் உண்டு. அதற்கும் பற்றுச்சீட்டு இருந்தது.

செய்திகளில் எல்லாம் எடைதான் வந்தது. எத்தனை கிலோ, இன்றைய விலைக்கு எத்தனை கோடி. நிறுத்துப் பதிவதை நான் குறைசொல்லவில்லை, நிறுக்காவிட்டால் குறைந்துபோகும். ஆனால் எடையால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. தாலிக்கொடி ஒன்றைத் தட்டில் போட்டால் அது இத்தனை பவுண். அதையே கையில் எடுத்துப் பார்த்தால், கொம்புத்தாலியா, அம்மன் தாலியா, புறாவும் சிலுவையும் வைத்த வேதக்காரர் தாலியா என்று தெரியும். கொடியின் பின்னல் எந்தப் பட்டறையின் கை என்று பழைய தட்டார் சொல்வார். மோதிரத்தின் உள்வளையத்தில் பேரோ கலியாணத் திகதியோ வெட்டியிருக்கும். காப்பில் பிள்ளையின் முதலெழுத்து இருக்கும். உரியவரைக் காட்டுகிற எழுத்து நகையிலேயே இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும் இருக்கிறார்கள். நகை மட்டும் கொழும்பில் இருக்கிறது.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஜெர்மனியைக் காட்டுவேன். பாட் அரோல்சன் என்ற சின்ன ஊரில் நாசிகளின் கொடுமைக்கு ஆளானவர்களைப் பற்றிய பெரிய ஆவணக்காப்பகம் இருக்கிறது. வதைமுகாம்களில் கைதிகளிடம் பறித்த மணிக்கூடு, கலியாண மோதிரம், குடும்பப் படம், பேனா, எல்லாம் கடித உறைகளில் பேர் எழுதி அங்கே கிடந்தன. பெரும்பாலும் நொயென்காம, டகாவ் முகாம்களைச் சேர்ந்தவர்களுடையவை. 2016 இல் அவர்கள் "திருடப்பட்ட நினைவு" என்று ஒரு முயற்சி தொடங்கினார்கள். பொருட்களின் படத்தைப் பெரிதாக்கி அந்தந்த நாட்டு ஊர்களிலேயே கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். போலந்திலும் வேறு நாடுகளிலும் தொண்டர்கள் பங்குப் புத்தகங்களையும் மயானங்களையும் பார்த்துப் பார்த்து வாரிசுகளைத் தேடினார்கள். எழுபது வருடத்துக்குப் பிறகு நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அந்த உறைகள் போய்ச் சேர்ந்தன. நாங்கள் இன்னும் இருபது வருடத்தைக்கூடத் தாண்டவில்லை. நகையைப் போட்டிருந்த கைகளும் கழுத்துகளும் அநேகம் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

பொருளைச் சனத்துக்குக் காட்டி அடையாளம் கேட்கிற வேலை எங்கள் மண்ணிலும் நடந்துவிட்டது, மிகக் கொடுமையான ஒரு காரியத்துக்காக. 2025 ஓகஸ்ட் 5 அன்று செம்மணி, சித்துப்பாத்தி புதைகுழியில் எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் நீதிமன்றக் கட்டளைப்படி பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். தாய்மார் வரிசையில் நின்று பார்த்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2023 ஜூன் கடைசியில், முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் புதைக்கப் போனபோது ஒரு புதைகுழி வெளிப்பட்டது. அடுத்த வருடம் அகழ்வு முடியும்போது 52 பேரின் எச்சங்கள். பெண் போராளிகளின் உடுப்பு. இலக்கம் பொறித்த தகடுகள்.

அந்தத் தகடுகளை நினைக்காமல் என் பேணியைப் பார்க்க முடியவில்லை. தகட்டில் இருப்பது இலக்கம். இலக்கத்துக்குரிய பேரைச் சொல்லும் ஏடு சனத்தின் கையில் இல்லை. மகளின் தகட்டிலக்கத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிற தாய் இருந்தால்தான் அது திறக்கும். "சூ. ம." அப்படியில்லை. ஏடே இல்லாமல் போனாலும் ஊர் இருந்தால் போதும். ஒரு கிழவி மூக்கைப் பார்த்தே பாதி வழி காட்டிவிட்டார். பேரை எழுத்தாக வெட்டின பழக்கம் எங்களுக்கு நேற்று வந்ததும் இல்லை. வவுனியாவுக்கு வடக்கே பெரியபுளியங்குளத்துக் குகையில், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், தமிழ் வணிகன் விசாகன் தன் பேரைப் பிராமி எழுத்தில் பிராகிருத மொழியில் வெட்டுவித்திருக்கிறான். வாசிக்கத் தெரிந்தவர் போனால் இன்றும் அவனை இன்னாரென்று அறியலாம்.

பேணியின் கதைக்கு வருகிறேன். பங்குத்தந்தை சொன்ன சுருக்கு வழி பலித்திருக்கிறது என்று நினைக்கிறேன். மன்னாரின் வடகரைக் கிராமம் ஒன்றில், 2008 மாரியில் விசுவமடுவில் ஒரு ஆச்சியின் வளவில் கிணற்றுக்குப் பின்னால் இருந்தோம் என்று சொல்கிற குடும்பம் ஒன்று அகப்பட்டிருக்கிறது. எந்த வளவு என்று அவர்களுக்கு நிச்சயமில்லை. அப்போது விசுவமடு முழுக்க ஆச்சிமாரும் கிணறுகளும்தான். சாமானைத் தாட்டது அந்த வீட்டு மூத்த மகளாம். அவர் இப்போது தமிழ்நாட்டில், முகாம் ஒன்றில். அவரோடு கதைக்க ஏற்பாடாகியிருக்கிறது. எழுத்தையும் சிலுவையையும் இங்கே எழுதிவிட்டேன். பேணியின் அடியில் இன்னொரு வெட்டு இருக்கிறது. அதை எங்கேயும் எழுதவில்லை, படமும் போடவில்லை. பாவித்த கைக்குத்தான் அது தெரியும். அவர் அதைச் சொன்னால் பேணி அன்றைக்கே அவருடையது.

நகைக்கும் இதே வழிதான் சரி என்று நினைக்கிறேன். துண்டு இருக்கிறவர் துண்டைக் காட்டட்டும். துண்டு இல்லாதவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. முள்ளிவாய்க்காலில் இருந்து துண்டோடு வந்தவர் எத்தனை பேர்? நகையில் என்ன வெட்டியிருந்தது, கொழுக்கி எப்படி, எந்தக் கல் விழுந்திருந்தது, எவர் செய்தது என்று தனித்தனியாக, முன்பே படத்தைக் காட்டாமல், கேட்டு எழுதட்டும். கேட்கிற இடம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பிரதேச செயலகங்களாக இருக்கட்டும், மொழி தமிழாக இருக்கட்டும். பக்கத்தில் வயதான தட்டார் ஒருவரும் ஒரு பெண் அலுவலரும் இருந்தால் கழுத்தில் கிடந்த நகையைப் பற்றி ஒரு அம்மா கூச்சமில்லாமல் சொல்வார். உரியவர் இல்லையென்றால் பிள்ளைகள், பிள்ளைகளும் இல்லையென்றால் சகோதரம். விதவைக்கோ, காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவிக்கோ மரணச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது. இதற்கெல்லாம் புதிதாக ஒரு கட்டடமும் தேவையில்லை.

செயலகம் கூப்பிடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அம்மாவோ அம்மம்மாவோ இன்னும் தெளிவாகக் கதைக்கிற வீடென்றால் இந்தக் கிழமையே இருத்திக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த நகை, எந்த வருடம், எந்தக் கிளையில் அடைவு வைத்தது, துண்டில் எவர் பேர் போட்டது. எழுதி, கீழே திகதி போட்டு, அவருடைய கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். கலியாணப் படம் இருந்தால் பெரிய ஆதாரம். கொடியும் காப்பும் அதில் அப்படியே தெரியும். எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் பங்கருக்குள் போய்விட்டனவே என்று சொல்வீர்கள். கலியாணம் முடிந்த கையோடு ஒரு கட்டுப் படம் வெளிநாட்டுக்குத் தபாலில் போயிருக்கும். ரொறன்ரோவில் மாமாவிடம், லண்டனில் சித்தியிடம், பாரிஸில் பெரியண்ணாவிடம் அந்தக் கடித உறை இன்னும் ஒரு லாச்சிக்குள் கிடக்கும். நகையின் படத்தைக் கிட்டவாக எடுத்து, படத்தின் பின்பக்கம் எழுதியிருப்பதையும் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.